தனிச் சட்டி

வாம்மா, வா. செருப்ப உள்ளயே விட்டுரு. வெளிய கெடந்தா இந்தச் சந்துப் பூனை ஒண்ணு கவ்விக்கிட்டுப் போயிரும், பொறவு ஒத்தச் செருப்போட நிக்கணும். நேத்தே எங்க வீட்டுக்காரவுக சொன்னாக, புதுசா ஒரு பிள்ள வீடு பாக்க வருவா, திண்டுக்கல் பக்கம், கல்யாணம் ஆயி இப்பதான் பஹ்ரைனுக்கு வந்திருக்கான்னு. பேரு என்ன சொன்ன? வினோதினியா? வினோன்னு கூப்பிடலாம்லா? நான் பிரமு. பிரமநாயகி. திருநெல்வேலி டவுன்.

அந்தப் பெட்டி மேலயே உக்காரு. நாற்காலியெல்லாம் குடுத்தாச்சு. ஞாயித்துக்கிழம ஊருக்குப் போறோம், சாமான் பூராவும் கட்டியாச்சு. மளிகைன்னு பாத்தா காப்பித்தூளு, பால்பொடி, சீனி. இந்த மூணுதான் வெளிய இருக்கு. ஒரு காப்பி குடிச்சிட்டுப் பேசுவோம். நம்ம பாஷையில பேசி எத்தன நாளாச்சு தெரியுமா?

வீட்டுல ஒரு குறையும் கெடயாது. ஏசி ரெண்டும் நல்லா ஓடும். குளிமுறி குழாய் கொஞ்சம் ஒழுகும், இறுக்கித் திருப்பணும். இந்த ஏரியா முஹர்ரக்னு சொன்னா உன் வீட்டுக்காரரு பழைய ஊரு, சந்து சந்தா இருக்கும்னு யோசிப்பாரு. சந்துதான் நல்லது. கீழ எறங்கினா கோல்டு ஸ்டோர். இங்க மளிகைக் கடைக்கு அப்படித்தான் பேரு. மொய்துன்னு ஒரு மலையாளத்துப் பையன் நடத்துதான். பையன்னா, நாப்பது வயசு இருக்கும். கருவேப்பில, இட்லி அரிசி எல்லாம் சொன்னா வரவச்சுத் தருவான். தங்கமான ஆளு.

எல்லாஞ் சொல்லிட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. அடுப்படி ஜன்னல் இருக்குல்லா, அதத் தொறக்காத. மூடியே வச்சிரு. தொறந்தா எதிர்வீட்டு முத்தந்தான் தெரியும். எதிர்வீட்டுக்காரி, உம் ஜாசிம்னு பேரு. ஜாசிமோட அம்மான்னு அர்த்தம். அவ சிரிப்பா. கையாட்டுவா. நீ மயங்கிராத. அடுத்த வாரம் நோன்பு வேற பொறக்கு. தட்டுத் தட்டா அனுப்புவா. நீ எம் மக மாதிரி, அதான் சொல்லுதேன். நான் ஏமாந்த மாதிரி நீ ஏமாறக் கூடாது.

என்ன பண்ணினாளா? ஏன் கேக்க, வயிறு எரியுது.

நான் இங்க வந்தப்ப எனக்கு ஒரு நாதி கெடயாது. மகன் கோயம்புத்தூர்ல படிக்கான். இவுக கப்பல் பட்டறையில ஸ்டோர் கீப்பரு, விடிஞ்சதும் போனா பொழுது அடஞ்சபொறவுதான் வருவாக. நான் இந்தச் செவரப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். அப்ப ஒரு நாளு ஊர்ல இருந்து போன். எங்க அம்மா தவறிட்டா. டிக்கெட்டு கெடச்சுப் போயிச் சேரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்னுட்டாங்க. இந்த ஜன்னல்கிட்ட நின்னுதான் அழுதேன். சத்தம் கேட்டுருக்கும் போல. அந்த உம் ஜாசிம், முட்டி வலிக்காரி, பாரி உடம்பு, கைப்பிடிச் செவரப் பிடிச்சு பிடிச்சு மாடி ஏறி வந்துட்டா. எனக்கு அரபில அம்மாவுக்கு 'உம்மி'ங்கறது தவிர ஒண்ணும் தெரியாது. அவளுக்குத் தமிழ் தெரியாது. 'உம்மி, உம்மி'ன்னு நான் எங்க அம்மா படத்தக் காட்டினேன். அவ்வளவுதான். என் தலைய இழுத்து மடியில வச்சுக்கிட்டா. அவளும் அழுதா. எங்க அம்மைக்காக என்னோட உக்காந்து அழுத ஒரே ஆளு அவதான்.

அன்னையில இருந்து என்னய 'உக்தி'ன்னுதான் கூப்பிடுவா. கூடப் பொறந்தவன்னு அர்த்தமாம். ஜன்னல் வழியா தெனமும் பேச்சு. அவ அரபில பேசுவா, நான் தமிழ்ல பேசுவேன். அவ மக லத்தீஃபா பள்ளிக்கூடத்து டீச்சரு, அவ இருந்தா இங்கிலீசுல சொல்லுவா. அவ இல்லாதப்பதான் நாங்க ரொம்ப நல்லாப் பேசுவோம்.

அப்படிப்பட்டவ. அதத்தான் சொல்ல வாரேன். யாரோ எவரோ பண்ணினா தொடச்சுப் போட்டுட்டுப் போயிரலாம். மடியில தலைய வச்சவ பண்ணினா?

போன வருசம் நோன்பு பொறந்துது. நீ பாக்கணும் அந்த நேரத்துல இந்தச் சந்த. பகல்ல ஈ காக்கா இருக்காது. சாயங்காலம் பாங்கு சொல்லுததுக்கு முன்னால எல்லா வீட்டுக் கதவும் தொறக்கும். இந்த வீட்டுத் தட்டு அந்த வீட்டுக்கு, அந்த வீட்டுத் தட்டு இந்த வீட்டுக்கு. துணியப் போட்டு மூடிக்கிட்டு ஓடுதாக. யாருக்கு யாரு குடுத்தான்னு கணக்கே இருக்காது. எனக்கும் வந்துது. லத்தீஃபாதான் கொண்டாந்தா. நீலப் பூப் போட்ட பீங்கான் தட்டு. பால்கனியில கவுத்திக் கெடக்குல்லா, அதுதான். அதுக்குப் பொறவு வாரேன்.

தெறந்து பாத்தா கூழு மாதிரி ஒண்ணு. மேல நெய்யி, பட்டைப் பொடி. ஹரீஸாம். கோதுமையையும் ஆட்டுக்கறியையும் ஒண்ணாப் போட்டு காலையில இருந்து வேகவச்சு, கட்டையால அடிப்பாங்களாம், கறி எது கோதுமை எதுன்னு தெரியாம போற வரைக்கும். அந்த வாசம் அடிச்சதும் துணிய இழுத்து மூடிட்டேன்.

நாங்க சைவம். சும்மா சைவம் இல்ல. எங்க அப்பா கூட்டுறவு வங்கியில வேல பாத்தாரு. வருசா வருசம் சீசனுக்கு ஆபீஸ்ல எல்லாருமாச் சேந்து குத்தாலம் போவாக, அங்கனயே அடுப்பு கூட்டிச் சமைப்பாக. கறிக்கு ஒரு அடுப்பு, எங்கள மாதிரி ஆளுக்கு ஒரு அடுப்பு. எல்லாரும் அருவியில குளிக்கப் போனாலும் எங்க அப்பா போக மாட்டாரு. சைவ அடுப்புப் பக்கத்துல ஒரு முக்காலியப் போட்டு உக்காந்துருவாரு. அந்த அடுப்பு அகப்பை தப்பித் தவறி இந்தப் பக்கம் வந்துதுன்னா, மேனேஜராவே இருந்தாலும் கையில ஒரு அடி. படார்னு விழும். "எம் பிள்ளைக திங்கது"ம்பாரு. அப்படி வளந்தவ நான்.

அத லத்தீஃபாட்ட எப்படிச் சொல்ல? அவ மூஞ்சி அப்படி மலந்து கெடக்கு. 'குட், குட், வெரி குட்'னு சொல்லி வாங்கி வச்சுட்டேன். இவுக வந்ததும் சொன்னேன். "சொல்லிராத, புண்ணிய மாசம், மனசு நொந்துரும்"னாக. கீழ கொட்டவும் மனசு வரல. மொய்துட்ட கொண்டுபோயிக் குடுத்தேன். அவனும் நோன்பு வைக்கவன்தான. "யாருட்டயும் மூச்சு விடாத"ன்னு சொல்லித்தான் குடுத்தேன். தெனமும் அப்படித்தான். தட்டு வரும், நான் துணியக் கூடத் தூக்கிப் பாக்க மாட்டேன், நேரா மொய்து கடை.

தட்டையும் அடுப்படிக்குள்ள ஏத்த மாட்டேன். பால்கனிக் குழாயில வச்சு, புளி போட்டு, அதுக்குன்னு ஒரு நாரு, அதால தேச்சு அங்கனயே கவுத்திருவேன். அது சுத்தபத்தம். வேற ஒண்ணும் இல்ல.

திருப்பிக் குடுக்கப்ப வெறுந்தட்டாக் குடுக்கலாமா? அங்கயும் அப்படித்தான், நம்ம ஊர்லயும் அப்படித்தான். ஒண்ணுமே இல்லன்னாலும் ஒரு கரண்டி சீனியாவது போட்டுத்தான குடுப்போம். நான் சீனி போட்டுக் குடுக்க ஆளா? ஒரு நாளு சுசியம். ஒரு நாளு உளுந்தவடை. பாசிப்பருப்புப் பாயசம் வச்சேன், தேங்காப்பால் எடுத்து, ஒண்ணாம் பாலு ரெண்டாம் பாலு பிரிச்சு. சொதி வச்சு இடியாப்பம் பிழிஞ்சேன். மத்தியானமே அடுப்புல நின்னு அத்தனையும் செஞ்சு, பாங்குக்கு முன்னால நானே கொண்டுபோயிக் குடுப்பேன். உம் ஜாசிம் தட்ட வாங்கி மூந்து பாத்து, கண்ண மூடி, நெஞ்சுல கைய வைப்பா. நோன்பு வச்சிருக்கவ, திங்க முடியாதுல்லா, மூந்துதான பாக்கணும். அதப் பாக்கப்ப எனக்குப் பொங்கிக்கிட்டு வரும். நம்மள நம்பி ஒருத்தி நோன்பு தெறக்கான்னு.

அவ வீட்டுல இருந்து லுகேமாத்துன்னு ஒண்ணு தனிக் கிண்ணத்துல வரும். மாவு உருண்டையப் பொரிச்சு, மேல ஈச்சம்பாகு ஊத்தி. அத மட்டும் நான் விட மாட்டேன். இவுகளுக்கு ரெண்டு வச்சுட்டு மிச்சம் பூராவும் நாந்தான். இத ஏன் சொல்லுதேன்னா, நல்லது இருந்தா நல்லதுன்னு சொல்லுதவதான் நான்.

இனிமதான் கதை.

ஒரு நாளு மொய்து தட்டத் திருப்பித் தரப்ப தலையச் சொறிஞ்சான். "சேச்சி, ஒரு காரியம் பறயட்டே? முதல் நாள் ஹரீஸ்ல நல்ல எறச்சி உண்டாயிருந்து. இப்ப வருதது ஒண்ணுலயும் எறச்சி இல்ல, கேட்டோ. வெறும் கோதம்பும் நெய்யும்தான்"னான். எனக்கு மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆயிட்டு. முதல் நாளு கறி போட்டா, பொறவு நிப்பாட்டிட்டா! எங்களுக்கு இது போதும்னு நினைச்சிருக்கா. நான் திங்க மாட்டேன், சரி. அது வேற விஷயம். அவளுக்கு அது தெரியாதுல்லா? கறி திங்கவன்னு நினைச்சுக்கிட்டுல்லா கறி இல்லாம அனுப்புதா? சந்துல மத்த வீட்டுக்கெல்லாம் கறியோட போகுது. எங்களுக்கு மட்டும் வெறுங்கூழு. எங்க வீட்டுக்கு வர்ற சோத்துல பிசினாறித்தனம் பண்ணுவாளா ஒருத்தி?

இவுகட்ட சொன்னேன். "ஒனக்கு எதுக்கு, நீ திங்கப் போறதில்லயே"ன்னாக. ஆம்பளைகளுக்கு என்ன தெரியும்? தின்னதுக்கா கேக்கேன், மரியாதைக்குக் கேக்கேன்.

அதோட விட்டாளா? மொய்து பேச்சுவாக்குல இன்னொண்ணும் சொன்னான். அவ கடைக்கு வந்து விசாரிச்சிருக்கா. "மேல இருக்க இந்தியக்காரி என்னெல்லாம் வாங்குதா?"ன்னு. இந்தக் கிறுக்கன் எல்லாத்தையும் ஒப்பிச்சிருக்கான். தேங்கா, பருப்பு, தயிரு, முட்டை கூட வாங்க மாட்டாங்கன்னு. அடுத்த வீட்டுக்காரி என்ன வாங்குதா, என்ன திங்காங்கறது அவளுக்கு என்னத்துக்கு? வேவு பாக்கதுன்னா இதுதான? நேருல உக்தி உக்தின்னுட்டு, பின்னால போயி எங்க வீட்டுப் பையில என்ன இருக்குன்னு கேக்கா.

அப்பவும் நான் ஒண்ணும் கேக்கல. சிரிச்சுக்கிட்டேதான் இருந்தேன். மனசுக்குள்ள ஒரு முள்ளு, அவ்வளவுதான். அடுத்து நான் கண்ணால ஒண்ணு பாத்தேன் பாரு, அதோட போச்சு.

இதே ஜன்னல். நான் வடைக்கு உளுந்து கழுவிக்கிட்டு இருக்கேன். கீழ அவ முத்தத்துல அடுப்பு எரியுது. ஒரு பெரிய அண்டா. அதுல ஹரீஸ் கொதிக்கு. அதுக்குப் பக்கத்துல சின்ன அடுப்புல ஒரு சட்டி. புதுச் சட்டி, பளபளன்னு, ஒட்டின சீட்டு கூட இன்னும் உரிக்கல. அந்தச் சட்டிக்குன்னு ஒரு சின்ன அகப்பை. என்னடா இது, எதுக்கு ரெண்டு சட்டின்னு பாத்துக்கிட்டே நிக்கேன். அண்டாவுல இருந்து வீட்டு ஆளுகளுக்கும் சந்துக்கும் எடுத்து வைக்காங்க. சட்டியில இருந்து ஒரே ஒரு தட்டுல ஊத்துதாங்க. நீலப் பூத் தட்டு. எங்க தட்டு!

வினோ, தனிச் சட்டி! நமக்குத் தனிச் சட்டி, தனி அகப்பை! அதுவும் எப்படித் தெரியுமா? லத்தீஃபா அண்டாவக் கிண்டிக்கிட்டு இருந்த அகப்பைய அப்படியே எடுத்து அந்தச் சட்டிக்குள்ள விடப் போனா. உம் ஜாசிம் கத்துதா! எட்டி, அவ கையில ஓங்கி ஒரு அடி! லத்தீஃபா கையத் தடவிக்கிட்டு, சின்ன அகப்பைய எடுத்தா. எங்க சட்டியத் தொட்டுட்டா அந்த அகப்பை தீட்டுப் பட்டுருமாம். பொறவு அவுக அண்டாவுக்குள்ள போடக் கூடாதாம்!

எங்க ஊர்ல டீக்கடையில தனி டம்ளர் வச்சவன் கதையெல்லாம் நான் கேட்டிருக்கேன். கேட்டப்ப ஐயோ பாவம்னு சொன்னதோட சரி. இப்ப எனக்கே வச்சிருக்காக தனி டம்ளரு. கடல் தாண்டி வந்து, கூடப் பொறந்தவன்னு ஒருத்திய நம்பி, அவ கையால. அன்னைக்கு நான் வடை சுடல. உளுந்து அப்படியே பொங்கிப் புளிச்சுக் கெடந்துது.

இரு, இன்னும் முடியல. இது கூட பொறுத்திருப்பேன். அன்னைக்கே பாங்கு சொல்லுத நேரம், தீப்பெட்டி வாங்க கீழ எறங்கினேன். மொய்து கடை வாசல்ல அட்டைய விரிச்சுப் போட்டு உக்காந்திருக்காங்க. மொய்து, லாண்டரிக்காரன், கொத்தனாரு வேல பாக்க பங்களாதேஷ்காரங்க ரெண்டு மூணு பேரு. பேப்பர் விரிச்சு பேரீச்சம்பழம், தண்ணி. நடுவுல ஒரு தட்டுல சுசியம். என் சுசியம்! முந்தின நாளு நான் குடுத்தது. நான் உருட்டின உருண்டைய எனக்குத் தெரியாதா? பாயசமும் இருக்கு ஒரு டப்பாவுல. நான் ஒண்ணாம் பாலு ரெண்டாம் பாலு எடுத்து வச்ச பாயசம்!

"இது எங்க இருந்துடா வந்துது?"ன்னேன். மொய்து சிரிச்சுக்கிட்டே, "உம் ஜாசிம் தினமும் கொடுத்தனுப்பும் சேச்சி. அவங்க வீட்டுல ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டு மிச்சம் இங்கதான். அவங்களுக்கு ஷுகர் உண்டுல்ல. 'பிரமு செஞ்சது, பிரமு செஞ்சது'ன்னு சேச்சி பேரு சொல்லித்தான் தரும். நோன்புகாரனுக்கு சோறு கொடுத்தா அந்தப் புண்ணியம் சேச்சிக்குப் போய்ச் சேரும்னு பறஞ்சு"ன்னான்.

கேட்டியா? என் பேரச் சொல்லி! நான் அவளுக்குன்னு செஞ்சத, அவ வாயில வைக்காம தெருவுல குடுத்துட்டு, அதுக்கு என் பேரு வேற. அந்தப் பேப்பர்லயே பக்கத்துல ஹரீஸும் இருந்துது. அது நான் குடுத்தது. அது வேற. எனக்குப் பிடிக்காததத்தான நான் குடுத்தேன்? அவ நெஞ்சுல கைய வச்சு, கண்ண மூடி வாங்கினதுல்லா குடுத்தா? ஒருத்தர் மனசறிஞ்சு குடுத்தத இன்னொருத்தருக்குத் தள்ளிவிடுதது எவ்வளவு பெரிய துரோகம்! நீயே சொல்லு.

அதோட நிப்பாட்டிட்டேன். லத்தீஃபா தட்டோட வந்து மணி அடிப்பா, நான் தொறக்க மாட்டேன். அவ ரெண்டு தடவ அடிச்சிட்டு, வாசல்ல வச்சுட்டுப் போயிருவா. மொய்து வந்து எடுத்துக்கிட்டு, தட்ட அவனே குடுத்துருவான். ஜன்னல மூடிட்டேன். கீழ இருந்து "உக்தி, உக்தி"ன்னு சத்தம் வரும். மிக்சியப் போட்டுருவேன். உள்ள ஒண்ணும் இல்லாட்டியும் போட்டுருவேன்.

பெருநாள் அன்னைக்கு அவளே வந்துட்டா. அந்த முட்டியோட, மாடி ஏறி. புதுத் துணி, அத்தரு வாசம், கையில அந்தத் தட்டு. நான் சங்கிலியக் கழத்தாம கதவு இடுக்குல நின்னேன். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல சொன்னேன். "யுவர் பாட், யுவர் ஹவுஸ். மை பாட், மை ஹவுஸ். ஃபினிஷ்." அவளுக்கு ஒண்ணும் வெளங்கல. என் நெத்தியத் தொட கைய நீட்டினா, காய்ச்சலோன்னு. நான் தலையப் பின்னால இழுத்துக்கிட்டேன். பொறவு குனிய முடியாம குனிஞ்சு, தட்டப் படியில வச்சுட்டு எறங்கிப் போனா. எறங்குதது ஏறதவிடக் கஷ்டம் அவளுக்கு. ஒவ்வொரு படிக்கும் சத்தம் கேட்டுது.

அந்தத் தட்டுதான் பால்கனியில கெடக்கது. பலகாரத்த மொய்துக்குக் குடுத்துட்டேன், தட்டு தங்கிட்டு. திருப்பிக் குடுக்கணும்னா எதாவது போட்டுக் குடுக்கணும். போட்டுக் குடுக்க எனக்கு மனசு வரல. வெறுந்தட்டாக் குடுக்க எங்க வளப்பு விடல. அப்படியே ஒரு வருசம் ஓடிட்டு. அவளும் கேக்கல. சந்துல எதுக்க வந்தா, இப்பவும் நெஞ்சுல கைய வைக்கா. என்ன நடிப்பு பாரு. நான் போனப் பாத்துக்கிட்டே போயிருவேன்.

அதான் சொல்லுதேன். நீ திண்டுக்கல்காரி, கறி திம்ப, ஒனக்கு அந்தப் பிரச்சினை இல்ல. ஆனா ஒனக்கும் தனிச் சட்டிதான் வைப்பா. அந்த நேரம் பிரமு சொன்னாளேன்னு நினைச்சுக்கோ.

என்ன, என்னமோ கேக்க வாயெடுத்த. கேளு. சும்மா கேளு.

அகப்பையா? எந்த அகப்பை? அதான் சொன்னேனே, லத்தீஃபா கையில இருந்த அகப்பை. அண்டாவக் கிண்டின அகப்பை. அதச் சட்டிக்குள்ள விடப் போனப்பதான் அடிச்சா.

ஆமா. அண்டாவுல இருந்து சட்டிக்கு.

இல்ல இல்ல, சட்டியில இருந்து அண்டாவுக்கு இல்ல. நான் மேல நின்னு தெளிவாப் பாத்தேன். சட்டியத்தான் மறிச்சா. கைய இப்படிக் குறுக்க வச்சு. அதுக்கென்ன?

அண்டாவுல கறிதான். ஆமா, கறி வெந்துக்கிட்டு இருந்துது, வாசம் வந்துதுல்லா. சட்டியில... மொய்துதான் சொன்னான்லா. வெறும் கோதுமையும் நெய்யும்னு.

அவளுக்கு எப்படித் தெரியும், நாங்க சைவம்னு? நான் சொல்லவே இல்லயே. 'குட், குட்'னுதான சொன்னேன். மொய்து... முட்டை கூட வாங்க மாட்டாங்கன்னு மொய்து... அவ கேட்டது அதுக்கு... புதுச் சட்டி. ஒட்டின சீட்டு கூட உரிக்கல.

காப்பி ஆறிட்டு ஒனக்கு. குடு, சூடு பண்ணித் தாரேன்.

எங்க அப்பாவும் அப்படித்தான் அடிப்பாரு. மணிக்கட்டுக்கு மேல. வலிக்கும், ஆனா தழும்பு விழாது.

நான் ஒண்ணும் அழல. அடுப்புப் புகை. அடுப்பு பத்தவைக்கலயா? சரி, தூசி. சாமான் கட்டினதுல வீடு பூராவும் தூசி.

இரு, அந்தத் தட்ட எடுத்துட்டு வாரேன். ஒரு வருசத்துப் புழுதி. பால்கனிக் குழாய நேத்தே கழத்திட்டாங்க. பரவாயில்ல, இங்கனயே கழுவுதேன். இந்தத் தொட்டியிலயே. சோப்பு போதும், புளியெல்லாம் வேண்டாம். பாரு, நீலம் எப்படித் தெரியுது. கெட்டித் தட்டு, விளிம்புல ஒரு கீறல் இல்ல.

என்னத்தப் போட? எல்லாத்தையும் கட்டியாச்சே. பருப்பு மூட்டைக்கு அடியில கெடக்கு. தேங்கா இல்ல. சீனி. ஒரு கரண்டி சீனிதான் போடணும். நான் சீனி போட்டுக் குடுக்க ஆளான்னு பேசினேன், பாத்தியா. அவளுக்குச் சீனி ஆகாது. தெரியும். மொய்து கடைக்குத்தான் போகும். போகட்டும்.

இந்தா, இதப் பிடி. சிந்திராம கொண்டு போ. படி எறங்கினதும் எதுத்த வாசல், பச்சைக் கதவு. நான் வரல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர? நீ குடிவரப் போற வீட்டுக்காரி, நீ குடுக்கதுதான் மொறை. புதுசா வந்திருக்கேன்னு சொல்லு. நல்லா சத்தமா சலாம் சொல்லு, அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். நீ கறி திம்பன்னும் இன்னைக்கே சொல்லிரு. 'குட், குட்'னு சொல்லிக்கிட்டு நிக்காத. என்னய கேட்டா, நான் இல்லன்னு சொல்லிரு. ஊருக்குப் போயிட்டான்னு சொல்லு. என் பேரு எதுக்கு, விடு, போ.

ஏளா வினோ! நில்லு, படியிலயே நில்லு. என் பேரச் சொல்லியே குடு.